மனு பார்க்க யாரும் வராதவர்கள்: மதுரைச் சிறையில் கிறிஸ்துமஸ்

டிசம்பர் மாதத்தின் நடுவில் மதுரை அரசரடிப் பக்கம் போகிறவர்கள் கண்ணில் இது பட்டிருக்கும். புது ஜெயில் ரோட்டில் மத்திய சிறை வாசலில் ஒரு வேன் வந்து நிற்கும். கேக், பிஸ்கட், குளியல் சோப்பு, துண்டு என்று அட்டைப் பெட்டிகள் இறங்கும். ஒருவர் கீபோர்டைத் தோளில் மாட்டியிருப்பார். இரண்டு மூன்று அருட்சகோதரிகள், ஒரு போதகர் அல்லது பங்குத்தந்தை, சபையின் பெண்கள் சங்கத்தார், கல்லூரிப் பிள்ளைகள் சிலர். செல்போனை வாசலில் ஒப்படைத்துவிட்டு, பெயரைப் பதிந்து, சோதனைக்கு நின்று, பெரிய கதவில் இருக்கும் சின்னக் கதவு வழியாகக் குனிந்து உள்ளே போவார்கள். இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பி வருவார்கள். உள்ளே போகும்போது கலகலவென்று பேசிய பிள்ளைகள் வெளியே வரும்போது அவ்வளவாகப் பேசுவதில்லை. நானும் அப்படி வந்திருக்கிறேன்.

கத்தோலிக்கர்கள் இதைச் 'சிறைப்பணி' என்பார்கள். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) உள்ளிட்ட மற்ற சபைகளில் 'சிறை ஊழியம்' என்று சொல்வார்கள். சொல் வேறு, வேலை ஒன்றுதான். மதுரையில் இரண்டு தரப்புக்குமே நீண்ட வேர் உண்டு. இத்தாலியக் கத்தோலிக்கத் துறவி ராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்தது 1606-இல். அமெரிக்கப் புராட்டஸ்டண்ட் மிஷனரிகள் இங்கே பணி தொடங்கியது 1834-இல். சபைகளுக்கு ஆயர்களைப் பயிற்றுவிக்கும் தமிழ்நாடு இறையியல் கல்லூரி 1969 முதல் இயங்குவதும் இதே அரசரடியில்தான். இறையியல் படிக்கிற இடமும் சிறையும் ஒரே பேட்டையில் இருக்கின்றன. வகுப்பில் சிறையைப் பற்றிய வசனம் வரும்போது மாணவர்கள் அதை எங்கோ தூரத்து ஊர் விஷயமாக நினைக்க முடியாது.

குற்றம் செய்தவனுக்கு எதற்குக் கேக்கு? இந்தக் கேள்வியை எல்லோரும் கேட்பார்கள், கேட்க வேண்டியதுதான். திருட்டில் நகையைப் பறிகொடுத்தவருக்கும், கொலையில் மகனை இழந்த தாய்க்கும் இதைக் கேட்க முழு உரிமை உண்டு. இரண்டு பதில்கள் இருக்கின்றன. ஒன்று கணக்கு, மற்றொன்று நம்பிக்கை.

கணக்கை முதலில் பார்ப்போம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வெளியிட்ட விவரப்படி, 2022-ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது 75.8 சதவீதம். நாலு பேரில் மூன்று பேர் மீது இன்னும் குற்றம் நிரூபிக்கப்படவே இல்லை. அவர்களில் குற்றவாளிகளும் இருப்பார்கள், நிரபராதிகளும் இருப்பார்கள். யார் யார் என்று தீர்ப்பு வரும்வரை நமக்குத் தெரியாது. 'ஜெயிலுக்குப் போனவன்' என்று ஊர் ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறது. ஆனால் உள்ளே இருப்பவர்களில் பெரும்பாலோர் தீர்ப்புக்காகவோ ஜாமீனுக்காகவோ காத்திருப்பவர்கள். தமிழ்நாட்டுச் சிறைத்துறை இப்போது 'கைதி' என்பதைத் தவிர்த்துச் 'சிறைவாசி' என்று எழுதுவதற்கு இதுவும் ஒரு நியாயம்.

இனி நம்பிக்கை. இந்தப் பணியில் இருக்கிற எல்லோரும் பைபிளில் மத்தேயு நற்செய்தியின் 25-ஆம் அதிகாரத்தைத்தான் சொல்வார்கள். பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் இயேசு சொல்லும் அந்த வரிகளை ஒருமுறை நிதானமாக வாசித்துப் பாருங்கள். பசியாயிருந்தேன், போஜனங்கொடுத்தீர்கள். வஸ்திரமில்லாதிருந்தேன், வஸ்திரங்கொடுத்தீர்கள். வியாதியாயிருந்தேன், விசாரிக்க வந்தீர்கள். கடைசியில், 'காவலிலிருந்தேன், என்னைப் பார்க்கவந்தீர்கள்.' பசித்தவனுக்குச் சோறு, துணியில்லாதவனுக்குத் துணி. காவலில் இருப்பவனுக்கோ கொடுக்க ஒரு பொருளும் சொல்லப்படவில்லை. விடுவித்தீர்கள் என்றும் இல்லை, திருத்தினீர்கள் என்றும் இல்லை. பார்க்க வந்தீர்கள், அவ்வளவுதான்.

இது மதுரைப் பக்கத்து ஆட்களுக்கு விளக்கம் இல்லாமலே புரியும். துக்க வீட்டுக்குப் போகிறோம். போய் என்ன செய்கிறோம்? ஒன்றும் செய்வதில்லை. கையைப் பிடித்துவிட்டு, வாசல் பெஞ்சில் அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருகிறோம். போகாவிட்டால்தான் பேச்சு. 'ஒரு எட்டு வந்து தலையைக் காட்டலையே' என்று பத்து வருடம் கழித்தும் சொல்லிக் காட்டுவார்கள். சிறைக்கும் நம் ஊரில் இப்படி ஒரு சொல் இருக்கிறது. சிறையில் இருப்பவரை நேர்காணலில் பார்க்க மனு எழுதிக் கொடுக்க வேண்டும். அதனால் 'ஜெயிலுக்கு மனு பார்க்கப் போறேன்' என்பார்கள். 'எனக்கு மனு வரவே இல்லை' என்று உள்ளே இருப்பவர் சொன்னால், யாரும் தன்னைப் பார்க்க வரவில்லை என்று அர்த்தம்.

மனு ஏன் வருவதில்லை? பாதிக் காரணம் காசு. மதுரைச் சிறையில் மதுரைக்காரர்கள் மட்டும் இல்லை. ராமநாதபுரம், தேனி, திண்டுக்கல் பக்கத்து ஆட்களும் இருப்பார்கள். கமுதிப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து ஒரு பெண் வருகிறார் என்றால் இரண்டு பஸ் மாற வேண்டும், ஒரு நாள் கூலி போகும், பிள்ளைகளை யார் வீட்டிலாவது விட வேண்டும். இத்தனையும் செய்து வந்தால், தடுப்புக்கு அந்தப் பக்கம் நிற்கும் புருஷனோடு சில நிமிடப் பேச்சு. முதல் மாதம் வாரா வாரம் வருவார். அப்புறம் மாதம் ஒருமுறை. அப்புறம் தீபாவளிக்கு. அப்புறம் அதுவும் நின்றுவிடும்.

மீதிப் பாதி வெட்கம். ஊரில் கேட்டால் 'திருப்பூருக்கு வேலைக்குப் போயிருக்கான்' என்று சொல்லிவைத்திருக்கும் குடும்பம் எப்படி அடிக்கடி மதுரைக்கு வரும்? மகள் கல்யாணப் பேச்சு நடக்கும் வீடு என்றால் கேட்கவே வேண்டாம். இந்த வெட்கம் இன்று நேற்று வந்ததல்ல. அப்போஸ்தலர் பவுல் ரோமில் கைதியாக இருந்துகொண்டு தன் இளம் உடன்பணியாளர் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தில் ஒநேசிப்போரு என்ற ஒருவரை நன்றியோடு நினைக்கிறார். 'என் விலங்கைக்குறித்து அவன் வெட்கப்படவில்லை' என்கிறார். அத்தனை பெரிய நகரத்தில் தன்னைத் தேடிக் கண்டுபிடித்து வந்தார் என்றும் சொல்கிறார். அதே கடிதத்தின் கடைசியில் பவுல் கேட்கிற பொருட்களைப் பாருங்கள். துரோவா என்ற ஊரில் விட்டு வந்த மேலங்கி, புத்தகங்கள், தோற்சுருள்கள். அதோடு, மாரிகாலத்துக்கு முன் வந்துவிடு என்று ஒரு கெஞ்சல். போர்த்திக்கொள்ள ஒன்று, வாசிக்க ஒன்று, குளிருக்கு முன் ஒரு முகம். மார்கழியில் சிமெண்டுத் தரையில் படுத்தவர்களுக்கு இந்தப் பட்டியல் அப்படியே பொருந்தும்.

நம் மண்ணிலும் சிறை கண்ட புனிதர் ஒருவர் உண்டு. கத்தோலிக்கரின் மதுரை மிஷனைச் சேர்ந்த ஜான் தெ பிரிட்டோ, மக்கள் சொல்வதுபோல் அருளானந்தர். மறவர் சீமையில், அதாவது ராமநாதபுரம் பக்கத்தில், ஒரு தடவை பிடிபட்டுச் சித்திரவதைப்பட்டவர், திரும்பவும் அதே சீமைக்கே வந்தார். மறுபடி பிடிபட்டு, ஓரியூரில் அடைபட்டிருந்தபோது சக குருக்களுக்குக் கடிதம் எழுதினார். 1693 பிப்ரவரி 4 அன்று அங்கேயே தலை துண்டிக்கப்பட்டார். இன்று ஓரியூருக்கு மதுரையிலிருந்து குடும்பம் குடும்பமாகப் போகிறோம். கைதியாகச் செத்த ஒருவரிடம் போய் மண்டியிடுகிறோம் என்பது அங்கே நிற்கும்போது எத்தனை பேருக்கு மனதில் வரும் என்று தெரியவில்லை. எனக்கே தாமதமாகத்தான் வந்தது.

கிறிஸ்துமஸோடு இந்த வழக்கம் பிணைந்ததற்கு வெளியிலிருந்தும் ஒரு பெரிய முன்மாதிரி இருக்கிறது. 1958 அக்டோபரில் திருத்தந்தையான (போப் ஆன) 23-ஆம் யோவான், அந்த ஆண்டு டிசம்பர் 26 அன்று ரோம் நகரின் ரெஜினா சேலி சிறைக்குப் போனார். நீங்கள் என்னிடம் வர முடியாது, அதனால் நான் வந்திருக்கிறேன் என்று சிறைவாசிகளிடம் சொன்னார். தன் உறவினர் ஒருவர் அனுமதி இல்லாமல் வேட்டையாடிச் சிறைக்குப் போன கதையையும் மறைக்காமல் சொன்னார். எனக்கு இந்த இரண்டாவது பேச்சுதான் பெரிதாகத் தெரிகிறது. 'எங்க வீட்டிலும் ஒருத்தர் உள்ளே போயிருக்காரு' என்று ஒரு திருத்தந்தை சொல்லிவிட்டால், கமுதிக்காரப் பெண் ஏன் முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும்? 1983 டிசம்பர் 27 அன்று, தன்னைச் சுட்ட மெஹ்மெத் அலி அக்ஜாவை ரெபிபியா சிறையில் போய்ப் பார்த்தார் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல். அதே ரெபிபியாவில் 2024 டிசம்பர் 26 அன்று கத்தோலிக்கரின் சிறப்பு அருள் ஆண்டான யூபிலி ஆண்டின் புனிதக் கதவு ஒன்றைத் திறந்தார் திருத்தந்தை பிரான்சிஸ்.

சரி, மதுரையில் உள்ளே என்னதான் நடக்கிறது? ஒருவர் நினைத்த நாளில் கேக்கோடு போய் நிற்க முடியாது. கண்காணிப்பாளருக்கு முன்கூட்டியே கடிதம் கொடுக்க வேண்டும். வருகிறவர்களின் பெயர்ப் பட்டியல், அடையாள அட்டை, கொண்டுவரும் பொருட்களின் விவரம் எல்லாம் போக வேண்டும். தடைசெய்த பொருளை உள்ளே கொண்டுபோவது 1894-ஆம் ஆண்டுச் சிறைச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். புதிதாக வருகிற பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்: யாராவது துண்டுச் சீட்டு நீட்டினால் வாங்காதே, போன் நம்பரை மனப்பாடம் செய்துகொண்டு வந்து நீயாகப் பேசாதே, எதுவானாலும் சிறையின் நல அலுவலர் வழியாகப் போகட்டும். கல்நெஞ்சத்தனமாகத் தோன்றும். ஆனால் ஒருவர் செய்யும் ஒரு தவறால் அடுத்த வருடம் யாருமே உள்ளே போக முடியாமல் போகலாம்.

கிறிஸ்துமஸ் என்று சொன்னாலும் விழா 25-ஆம் தேதிக்கு முன்பே, பகலில் நடந்துவிடும். நள்ளிரவுத் திருப்பலியும் விடியற்கால ஆராதனையும் உள்ளே வாய்க்காது. பொழுது சாயும்போதே லாக்-அப் ஆகிவிடும். ஊர் முழுக்க வாசலில் நட்சத்திரம் தொங்குகிற இரவில் அவர்கள் பூட்டிய அறைக்குள் இருப்பார்கள். விழாவில் உட்கார்ந்திருப்பவர்களில் கிறிஸ்தவர்கள் சிலரே. நெற்றியில் திருநீறோடு ஒருவர், தொப்பி போட்ட ஒருவர், எல்லாரும் இருப்பார்கள். இயேசு பிறப்புக் குடில் கட்டுவதும் பெரும்பாலும் அவர்களே. அட்டையும் வைக்கோலும் கிடைத்தால் போதும், எங்கள் கோயில் குடிலைவிட அழகாகக் கட்டிவிடுவார்கள். பாட்டு நேரத்தில் வந்தவர்கள் பாடி முடித்ததும் மைக் அவர்கள் கைக்குப் போகும். ஒருவர் பாட்டைத் தொடங்கி, இரண்டாவது சரணத்தில் நின்றுவிடுவார். மற்றவர்கள் எடுத்து முடிப்பார்கள்.

ஒன்றைத் திறந்து பேச வேண்டும். எழுந்து போக முடியாத கூட்டத்துக்கு முன் நின்று பிரசங்கம் செய்வது எளிது. அதனாலேயே அங்கே நாவை அடக்க வேண்டும். அரசியல் சட்டத்தின் 25-ஆவது பிரிவு தரும் மனசாட்சிச் சுதந்திரம் சிறைவாசலில் கழற்றிவைக்கப்படுவதில்லை. கேக்கை ஒரு கையிலும் துண்டுப் பிரதியை மறு கையிலும் நீட்டினால், வாங்குகிறவரின் 'சரி' என்ற சொல்லுக்கு என்ன மதிப்பு? பசி, தனிமை, பயம், ஜாமீன் கவலை என்று நசுங்கிக் கிடப்பவரிடம் மதம் மாறக் கேட்பது அன்பின் வேலையாக இருக்க முடியாது. நல்ல சிறைப்பணியாளர்கள் இதில் மிகக் கண்டிப்பாக இருப்பார்கள். ஜெபிக்கலாமா என்று கேட்டுவிட்டே ஜெபிப்பார்கள். வேண்டாம் என்றால் வீட்டைப் பற்றி விசாரிப்பார்கள். எல்லாக் குழுக்களும் இப்படி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இப்படி இல்லாதவர்கள் வாசலிலேயே திரும்பிவிடுவது நல்லது.

பெண்கள் சிறையில் கிறிஸ்துமஸ் வேறு மாதிரி. மதுரையில் பெண்களுக்குத் தனிச்சிறை இருக்கிறது. ஆறு வயது வரை பிள்ளையைத் தாய் தன்னோடு வைத்துக்கொள்ளலாம். அப்படி உள்ளே வளரும் குழந்தைகளுக்குப் பாலர் பள்ளி, சத்தான சாப்பாடு, மருத்துவம் எல்லாம் இருக்க வேண்டும் என்று 2006-இல் ஆர்.டி.உபாத்யாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் விரிவாகவே சொன்னது. கிறிஸ்துமஸ் தாத்தாவைப் பார்த்ததும் அந்தப் பிள்ளைகள் ஓடி வரும். ஆனால் அம்மாக்களின் கண் பெரும்பாலும் வெளியே இருக்கும் பிள்ளைகள் மேல்தான். தனக்குக் கொடுத்த சோப்பையும் பிஸ்கட்டையும் பிரிக்காமல் மடியில் கட்டிக்கொள்ளும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். அடுத்த மனுவுக்கு மாமியார் பிள்ளையைக் கூட்டிவந்தால் கொடுக்க முடியுமா என்று வார்டரிடம் கேட்பார்கள்.

அமெரிக்காவில் மேரி கே பியர்ட் என்ற பெண் இதையே தன் சிறைவாசத்தில் கண்டார். கிறிஸ்துமஸ் சமயத்தில் தொண்டு அமைப்புகள் கொடுத்த சோப்பு, பற்பசை போன்றவற்றைச் சிறைத் தாய்மார்கள் சேர்த்துவைத்து, பார்க்க வந்த பிள்ளைகளுக்கே பரிசாகக் கொடுத்தார்கள். விடுதலையான பிறகு, 1982-இல், சிறையில் இருப்பவர்களின் பிள்ளைகளுக்குப் பெற்றோர் பெயரிலேயே பரிசு போய்ச் சேரும் திட்டத்தை அவர் தொடங்கினார். 'ஏஞ்சல் ட்ரீ' என்று பெயர். இதில் கவனிக்க வேண்டியது, பரிசு கொடுப்பவர் சபைக்காரர் இல்லை. 'உன் அம்மா கொடுத்தது' என்றுதான் அது பிள்ளை கைக்குப் போகிறது. நம் சபைகளும் உள்ளே கேக் வெட்டுகிற செலவில் பாதியையாவது இந்தப் பக்கம் திருப்பலாம் என்பது என் எண்ணம். உசிலம்பட்டியிலோ பரமக்குடியிலோ பாட்டி வீட்டில் வளரும் ஒரு பிள்ளைக்குப் 'அப்பா வாங்கிக் கொடுக்கச் சொன்னார்' என்று ஒரு சட்டை போகட்டும்.

டிசம்பர் கடைசி உள்ளே இருப்பவர்களுக்குக் கனமான காலம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. உயர் நீதிமன்றத்துக்கும் அதன் மதுரைக் கிளைக்கும் கிறிஸ்துமஸ் விடுமுறை. விடுமுறைக்கால அமர்வு அவசர மனுக்களைத்தான் கேட்கும். மற்ற மனுக்கள் ஜனவரிக்குத் தள்ளிப்போகும். வெளியே நமக்குப் பண்டிகை விடுமுறை. உள்ளே ஒருவருக்கு அது வாய்தா தள்ளிப்போன வாரம்.

ஜாமீன் கிடைத்தவருக்கே இன்னொரு சுவர் இருக்கிறது: பிணையதாரர். உத்தரவு வந்துவிடும், கையெழுத்துப் போட இரண்டு ஆள் வேண்டும். வீட்டு வரி ரசீது, ரேஷன் கார்டு, சில நேரம் சொத்து மதிப்புச் சான்று எல்லாம் கேட்பார்கள். வாடகை வீட்டுக்காரருக்கு யார் போடுவார்கள்? ஏழையிடம் எட்டாத பிணை கேட்பது ஜாமீன் மறுப்பதற்குச் சமம் என்று 1978-லேயே மோத்தி ராம் வழக்கில் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் இடித்துரைத்தார். அந்த வழக்கின் மோத்தி ராம் ஒரு கொத்தனார். அவரிடம் கேட்ட பிணை 10,000 ரூபாய். அப்படியும் நிலைமை முழுதாக மாறவில்லை. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சில வழிகளைச் சொன்னது. ஜாமீன் உத்தரவு வந்து ஏழு நாளில் ஒருவர் வெளியே போகவில்லை என்றால், கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்தில் பிணை கட்ட முடியாவிட்டால், நீதிமன்றமே நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று பார்க்கலாம். அதே 2023-இல் மத்திய அரசு ஏழைச் சிறைவாசிகளுக்கு ஒரு திட்டம் கொண்டுவந்தது. விசாரணைக் கைதிக்கு ஜாமீன் தொகையாக 40,000 ரூபாய் வரை, தண்டனைக் கைதிக்கு அபராதமாக 25,000 ரூபாய் வரை அதில் உதவலாம் என்று அப்போது வகுத்தார்கள்.

2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479-ஆவது பிரிவு இன்னும் நேரடியானது. இதற்கு முன் எந்தக் குற்றத்துக்கும் தண்டிக்கப்படாத ஒருவர், தன் மேல் சாட்டப்பட்ட குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலத்தை விசாரணையிலேயே கழித்துவிட்டால், அவரைப் பிணையில் விட வேண்டும். மற்றவர்களுக்கு அது பாதி. மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றங்களுக்கும், ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் உள்ளவர்களுக்கும் இது பொருந்தாது. காவலில் இருக்கும் எவருக்கும், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், இலவச வழக்கறிஞர் உண்டு என்று 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் சொல்கிறது. இவ்வளவும் இருந்தும், படிக்கத் தெரியாத ஒருவருக்கு இவை எதுவும் காதில் விழாமலே வருடம் ஓடிவிடும். சிறைப்பணிக்குப் போகிறவர் வக்கீலாக இருக்க வேண்டியதில்லை. 'ஜாமீன் கிடைச்சுதா, கிடைச்சும் ஏன் போகலை?' என்று கேட்கத் தெரிந்தால் போதும். பதிலை நல அலுவலரிடமும் சட்டப்பணிக் குழுவிடமும் கொண்டுபோய்ச் சேர்க்கலாம்.

ஒரு கிறிஸ்துமஸ் விழா முடிந்து கிளம்பும் நேரத்தில் எங்களோடு வந்த சிஸ்டர் அப்படித்தான் ஒருவரிடம் கேட்டார். ஐம்பது வயது தாண்டியவர், சிவகங்கைப் பக்கத்துக்காரர். ஜாமீன் கிடைத்து நாலு மாதம் ஆகியிருந்தது. பிணை போட ஆள் இல்லை. அண்ணன் ஒருவர் ஊரில் இருக்கிறார், ஆனால் பேச்சுவார்த்தை இல்லை. நல அலுவலர் மூலம் விவரம் வாங்கி, புத்தாண்டு கழிந்து சிஸ்டரும் நானும் அந்த ஊருக்குப் போனோம். அண்ணன் திண்ணையில் உட்காரச் சொன்னார், சொம்பில் தண்ணீர் கொடுத்தார். தம்பி பெயரை எடுத்ததும், 'அந்தப் பேச்சை விடுங்க சிஸ்டர்' என்று எழுந்து உள்ளே போய்விட்டார்.

பொங்கல் கழிந்து மறுபடி போனோம். அன்றைக்கும் அதே பதில். மதினி மட்டும் வாசல்வரை வந்து வழியனுப்பினார். மூன்றாவது தடவை போனபோது மாசி வெயில் ஏறியிருந்தது. நாங்கள் எதுவும் கேட்கவில்லை. மழை, வெள்ளாமை, மாட்டு விலை என்று பேசிக்கொண்டிருந்தோம். கிளம்ப எழுந்தபோது அவர் என்னைப் பார்த்து, 'தம்பி, அவன் ரொம்ப இளைச்சுட்டானா?' என்று கேட்டார். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் உள்ளே திரும்பி, வீட்டு வரி ரசீது எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று மனைவியிடம் கேட்டார்.